நாவல்பழம் இருக்கும்போது ஸ்ட்ராபெர்ரி எதற்கு? – பழ சல்சா இழை

ஜூலை 2, பாளையங்கோட்டை வாசகரின் கேள்வி

பழ சல்சா (பழத்தை மிளகாய், வெங்காயம், உப்போடு கலந்து செய்கிற மெக்சிகோ பாணித் தொடுகறி) என்று எங்கே தேடினாலும் ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி என்றுதான் வருகிறது. இங்கே ஸ்ட்ராபெர்ரி கண்ணில் படுவதே அபூர்வம். பட்டாலும் டப்பா விலை கட்டுபடியாகாது. மாம்பழம், அன்னாசியை விட்டால் திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தச் சல்சா சரிப்படாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூலை 2, இரவு

மறுக்கிறேன். ஆனி பாதி தாண்டிவிட்டது. டவுன் ரத வீதிகளில் நாவல்பழம் கூறு கட்டி விற்கிறார்கள். களா பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் ஸ்ட்ராபெர்ரி இல்லையே என்று ஒருவர் ஏங்குவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அண்ணனும் மைனியும் ஹூஸ்டனில் இருந்தபோது ஒரு வசந்த காலத்தில் அவர்களோடு தங்கியிருந்தேன். அங்கே ஏப்ரலில் ஸ்ட்ராபெர்ரி. சான் அன்டோனியோவுக்குத் தெற்கே போட்டீட் என்ற சின்ன ஊர் அதற்காகவே பேர்போனது, ஏப்ரலில் திருவிழாவே நடத்துகிறார்கள். பக்கத்து வீட்டு மெக்சிகோக்கார அம்மா அந்த மாதத்தில் மட்டும்தான் ஸ்ட்ராபெர்ரி போட்டுச் சல்சா செய்வார். மே கடைசியில் ப்ளூபெர்ரி வந்துவிட்டால் ஸ்ட்ராபெர்ரி பக்கம் திரும்பமாட்டார். எது பழுத்து வருகிறதோ அதுதான் கிண்ணத்துக்குள் போகும். இங்கே இப்போது பழுத்து வருவது நாவல்.

ஜூலை 3

செய்முறை கேட்டிருக்கிறார்கள். நான் செய்கிற விதம் இது.

நாவல் கால் கிலோ. நன்றாகக் கறுத்து, விரலால் அழுத்தினால் இளகுகிற பழமாகப் பொறுக்குங்கள். காம்புப் பக்கம் சிவப்பு ஓடியிருந்தால் வேண்டாம். நாவல் மரத்தை விட்டு இறங்கிய பிறகு மேற்கொண்டு பழுக்காது. வீட்டில் வைத்தால் தோல்தான் சுருங்கும், துவர்ப்பு அப்படியே இருக்கும். கழுவி ஈரம் வடிந்ததும் ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு, அரைத் தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்து, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்குங்கள். சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். உப்புக்கல் உரசி உரசித் தோல் கிழியும், சதை கொட்டையை விட்டு விலகும். கால் மணி நேரம் கழித்துக் கொட்டையைக் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டுச் சதையைக் கிள்ளிக்கொள்ளலாம். கத்தி தேவையில்லை. மரப்பலகையில் வைத்து நறுக்கினால் கறை லேசில் போகாது.

அதற்குள் உள்ளி (சின்ன வெங்காயம்) ஐந்தாறைப் பொடியாக அரிந்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் போட்டு வையுங்கள். காரல் அடங்கி இளஞ்சிவப்பாகும். பச்சை மிளகாய் ஒன்று. உறைப்பு முக்கால்வாசி இருப்பது நடுவிலுள்ள வெள்ளை நரம்பில்; விதை அதில் ஒட்டியிருப்பதால்தான் அதுவும் உறைக்கிறது. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமானால் நரம்பைச் சுரண்டிவிட்டு அரியுங்கள். வெள்ளரிப் பிஞ்சு ஒன்று, பல்லில் நறுக்கென்று படுவதற்கு. மல்லித்தழை ஒரு கைப்பிடி. இளந்தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், வாசம் அதில்தான் கூடுதல்.

எல்லாவற்றையும் கலந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு ருசி பாருங்கள். துவர்ப்பு இன்னும் தூக்கலாக இருந்தால் கருப்பட்டியை ஒரு சிட்டிகை சீவிப் போடுங்கள். சீனி போட்டால் தித்திப்பு தனியாக நிற்கிறது, கருப்பட்டி கலந்துவிடுகிறது. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது.

ஜூலை 3, மதியம்

உப்பை ஏன் முதலிலேயே போட வேண்டும் என்று ஒரு கேள்வி. இரண்டு காரணம். உப்பு பழத்திலிருந்து நீரை இழுக்கும். அந்தக் கருஞ்சாறுதான் சல்சாவின் குழம்பு, தனியாகத் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. இன்னொன்று, உப்பு நாக்கில் கசப்பை அமுக்கிவிட்டுத் தித்திப்பை முன்னே கொண்டுவரும். கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் உப்பு தொட்டுத் தின்கிற ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஜூலை 5

"தக்காளி இல்லாமல் சல்சாவா, மெக்சிகோக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்" என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே தினப்படி மேசைக்கு வருவது பச்சைச் சல்சா. பழுத்த தக்காளி, வெங்காயம், செர்ரானோ மிளகாய், மல்லித்தழை, எலுமிச்சை, உப்பு, எல்லாம் பொடியாக நறுக்கியது. அடுப்பில் ஏற்றாதது. இதில் தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணில் ஸ்பானியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விளைந்தவை. நாம் சமையலில் போடுகிற வெங்காயம், மல்லி, எலுமிச்சை மூன்றும் ஸ்பானியர்கள் காலத்தில் கப்பலேறி அங்கே போனவை. அதாவது சல்சாவில் பாதிச் சாமான் வெளியூர்ச் சரக்கு. வந்ததை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் மிளகாயைப் போர்ச்சுக்கீசியர்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள், நாமும் சேர்த்துக்கொண்டோம். இன்றைக்கு மிளகாய் இல்லாத நெல்லைச் சமையலை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்?

பழம் எதுவானாலும், அன்று பறித்ததாக இருக்க வேண்டும், அடுப்பில் ஏற்றாததாக இருக்க வேண்டும், உப்பும் புளிப்பும் உறைப்பும் ஒன்றை ஒன்று அமுக்காமல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா அதைச் சல்சா என்றுதான் சொல்வார். நாவலை அவர் பார்த்ததில்லை. காட்டியிருந்தால் முதலில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு உடனே மிளகாயைத் தேடியிருப்பார்.

ஜூலை 7

எலுமிச்சை அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளி ஊறுவதற்கு ஒரு தேக்கரண்டி என்றேன். நாவலுக்கு அதற்குமேல் வேண்டாம். துவர்ப்பும் புளிப்பும் ஒன்று சேர்ந்தால் பல் கூசும். அதுவும் புளியங்குடி எலுமிச்சைக்குச் சாறு அதிகம், வாசமும் தூக்கல். அரை மூடி பிழிந்தால் நாவல் இருக்கிற இடமே தெரியாது.

நிறம் மாறுவதைப் பார்த்துப் பயந்துபோய் ஒருவர் எழுதியிருந்தார். கெட்டுப்போகவில்லை. நாவலின் ஊதாச் சாயம் புளிப்பு பட்டால் சிவப்புப் பக்கம் போகும், சமையல் சோடா பட்டால் நீலப் பக்கம் போகும். பாத்திரம் கழுவும்போது சோப்பு நுரை நீலமாவதும் அதனால்தான். கலக்குவதற்கு அலுமினியமும் பித்தளையும் வேண்டாம், புளிப்பு அவற்றோடு சேர்ந்தால் ருசி கெடும். பீங்கான் அல்லது எவர்சில்வர்.

ஜூலை 8

இன்று நெல்லையப்பர் தேர். வீட்டில் சமையல் இல்லை. வடம் பிடித்துவிட்டு வரும் வழியில் ஓலைக் கொட்டானோடு உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் நாவல் வாங்கினேன். "உப்பு வேணுமா தாயி" என்று கேட்டு, ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடி கலந்த உப்பும் மடித்துக் கொடுத்தார். நாம் இங்கே இவ்வளவு எழுதிக்கொண்டிருப்பதில் பாதி அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

ஜூலை 11

சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நாவல் கொட்டையைக் காயவைத்து இடித்துச் சாப்பிடுவது நம் பக்கம் வழக்கத்தில் உண்டு. அதற்காக மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, வைத்தியரிடம் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். சல்சாவில் கருப்பட்டியை மட்டும் விட்டுவிட்டு, வெள்ளரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

மல்லித்தழை சோப்பு வாசம் அடிக்கிறது என்று சொன்னவருக்கு: சிலருடைய மூக்கு அப்படி, பிறவியிலேயே அமைவது. வற்புறுத்திப் பழக்க வேண்டாம். புதினா போடுங்கள், மல்லியில் பாதி அளவு.

ஜூலை 15

களா. எனக்கு நாவலைவிட இதில்தான் பிரியம் அதிகம்.

களாச்செடி முள்வேலியாக நிற்கிற ஊர்களில் பிள்ளைகள் தவிர யாரும் இதை மதிப்பதில்லை. ஊறுகாய் போடுகிறவர்கள் காயாகப் பறிப்பார்கள். சல்சாவுக்குக் காய் ஆகாது. பால் பிசுபிசுவென்று வரும், வாயில் ஒட்டும். கறுத்த பழமாக வேண்டும். அதிலும் கொஞ்சம் பால் இருக்கும், அதனால் இரண்டாகக் கீறி விதையைச் சுரண்டிவிட்டு உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள்.

இதற்கு எலுமிச்சை ஒரு சொட்டுகூட வேண்டாம். களாவே எலுமிச்சையின் வேலையைச் செய்துவிடும். எதிர்ப்பக்கம் தித்திப்பு வேண்டும், அதற்கு இப்போது கடைசி வரத்தாக வரும் நீலம் மாம்பழம் தோது. களா ஒரு பங்கு, நீலம் இரண்டு பங்கு. நீலம் கனிந்து குழைந்திருந்தால் கூழாகிவிடும், கெட்டியாக இருக்கும்போதே சதுரமாக அரிந்துகொள்ளுங்கள். உள்ளி, பச்சை மிளகாய், மல்லித்தழை, உப்பு. மஞ்சள் துண்டுகளின் மேல் களாவின் சிவப்பு ஓடி நிற்கும். புளிப்பு முதலில் வரும், மாம்பழம் பின்னால் வரும், உறைப்பு கடைசியில் நிற்கும். நான் செய்கிற சல்சாக்களில் வீட்டில் மிச்சம் வைக்காதது இது ஒன்றுதான்.

ஜூலை 16

ஆமாம், களாவுக்குப் பதில் மாங்காய் போடலாம். ஆனால் களா கிடைக்கிற காலத்தில் ஏன் போட வேண்டும்? மாங்காய் அடுத்த வருஷமும் எளிதாகக் கிடைக்கும். களா வேலியை வெட்டிக் கம்பி வேலி போடுவதை நான் ஊர் ஊராகப் பார்க்கிறேன். கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் செடி நிற்கும்.

ஜூலை 27

குற்றாலத்தில் சாரல். அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றன. தென்காசி வாசகர் ஒருவர் மங்குஸ்தான் சல்சா செய்து படம் அனுப்பியிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. மங்குஸ்தானின் ருசி மெல்லியது, வெங்காயம் பட்டதும் காணாமல் போய்விடும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கி அதன் மேல் மிளகாயைப் போடுவதில் நியாயம் இல்லை. தோலை உடைத்துச் சும்மா தின்னுங்கள்.

ரம்புட்டான் வேறு கதை. சதை கெட்டி, தித்திப்பு நேரடியானது, உறைப்பைத் தாங்கும். காந்தாரி மிளகாய் ஒன்றைக் கல்லுப்போடு நசுக்கிச் சேர்த்தால் நன்றாகவே இருக்கும்.

ஜூலை 28

தென்காசிக்காரர் கோபித்துக்கொண்டார். வெங்காயத்தை விட்டுவிட்டு, இஞ்சித் துருவலும் உப்பும் மட்டும் போட்டதாக விளக்கம் சொல்கிறார். அப்படியானால் மங்குஸ்தான் பிழைத்திருக்கும். அதைச் செய்து பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 3

எதோடு சாப்பிடுவது என்று பலரும் கேட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் மக்காச்சோளச் சிப்ஸில் அள்ளித் தின்பார்கள். அதை இங்கே தேடி அலைய வேண்டாம். உளுந்து அப்பளத்தைப் பொரித்து உடைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக்கிழங்கு வறுவல் அதைவிடப் பொருத்தம், கனமாக இருப்பதால் சாற்றில் உடனே நமத்துப்போகாது. மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பொரித்த சீலா மீன் மேல் களா சல்சா. மீனுக்கு எலுமிச்சை பிழிகிற வேலையை அது செய்துவிடும்.

நான் அதிகம் சாப்பிடுவது பழைய சோற்றுக்கு. கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்த பழையதுக்கு நாவல் சல்சா இரண்டு கரண்டி. ஊறுகாயில் இருக்கிற எண்ணெய்க் கனம் இல்லை, வெறும் உள்ளியைக் கடிப்பதைவிட ருசி. இன்று ஆடிப் பதினெட்டு, குறுக்குத்துறைக்குக் கட்டிக்கொண்டு போன சித்திரான்னத்தில் தயிர்ச்சோற்றுக்கு இதைத்தான் வைத்தேன். மைனியின் பேரன் ஊதா நாக்கை எல்லோரிடமும் நீட்டிக்காட்டி, தாமிரபரணிக் கரையில் பாதிப் பேரைச் சிரிக்கவைத்தான்.

ஆகஸ்ட் 19

நாவல் முடிந்துவிட்டது. கடைசியாக வருகிற பழத்தில் புழு இருக்கும், பிளந்து பார்க்காமல் போடாதீர்கள்.

கேள்வி கேட்ட பாளையங்கோட்டை வாசகர் ஒரு கடையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரி டப்பாவின் படத்தைப் போட்டிருக்கிறார். மேலடுக்கு சிவப்பு, கீழடுக்கில் பூஞ்சை. ஸ்ட்ராபெர்ரியும் பறித்த பின் பழுக்காத இனம், வெள்ளைத் தோளோடு வந்ததை எத்தனை நாள் வைத்தாலும் புளிக்கத்தான் செய்யும். அது ஊட்டியிலும் மகாபலேஷ்வரிலும் போய்த் தின்ன வேண்டிய பழம். அங்கே தோட்டத்துப் பக்கத்தில் நின்று வாங்கினால் அதற்கு ஈடு இல்லை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இங்கேயே டப்பா இல்லாமல் ஏதாவது வேண்டுமானால் கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. இரண்டாக வெட்டி விதை நீக்கிவிட்டு நாவலுக்குச் சொன்னபடியே செய்யுங்கள். துவர்ப்பு குறைவு என்பதால் எலுமிச்சை இரண்டு பங்கு தாங்கும், கருப்பட்டி வேண்டாம்.

நவம்பர் 23

மூன்று மாதமாக இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. எழுத வைத்தது சொடக்குத் தக்காளி.

ஐப்பசி மழை பெய்த பிறகு வயல் வரப்பிலும் தோட்டத்து ஓரத்திலும் தானாக முளைத்திருக்கும். காகிதப் பை மாதிரி ஒரு உறை, உள்ளே சுண்டைக்காய் அளவில் பழம். நெற்றியில் அடித்தால் சொடக்கென்று வெடிக்கும். இதை நம்மில் பலர் விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்திருக்கிறோம். மெக்சிகோவில் பச்சைநிறச் சல்சா செய்வதற்கென்றே டொமட்டியோ என்று ஒரு காய் உண்டு. அதற்கும் இதே உறை, இதே பிசுபிசுப்பு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஃபிசாலிஸ் என்பது தாவரவியல் பெயர். அது நெல்லிக்காயைவிடப் பெரிதாக வளரும், நம்முடையது சிறியது. ஹூஸ்டன் சந்தையில் முதன்முதலாக அதைக் குவியலாகப் பார்த்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் வரப்பில் மிதிபடுகிற செடியின் உறவு அங்கே எடைபோட்டு விற்பனைக்கு இருந்தது.

ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். டொமட்டியோவைப் பச்சைக் காயாகவே பயன்படுத்துவார்கள். சொடக்குத் தக்காளியைப் பச்சையாக இருக்கும்போது தின்னக் கூடாது, உடம்புக்கு ஆகாத சத்து காயில் இருக்கும். உறை காய்ந்து வைக்கோல் நிறமாகி, பழம் மஞ்சளாகித் தானே உதிர்ந்திருக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த வயலில் பறிக்காதீர்கள். செடியை அடையாளம் தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உறையை உரித்துப் பழத்தைக் கழுவுங்கள், பிசுபிசுப்பு போக வேண்டும். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் இல்லாமல் காயவைத்து, ஒரு கைப்பிடி பழம், இரண்டு பூண்டுப் பல் தோலோடு, ஒரு பச்சை மிளகாய். அங்கங்கே கருக்கும்வரை உருட்டுங்கள். பிறகு அம்மியில் வைத்து உப்போடு ஒன்றிரண்டாக இழுங்கள். மெக்சிகோவில் மூன்று கால் வைத்த எரிமலைக்கல் உரலில் இடிப்பார்கள், நமக்கு அம்மி போதும். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கூழாகிவிடும். கடைசியில் பச்சை உள்ளியும் மல்லித்தழையும் அரிந்து தூவ வேண்டும். பழத்தை வாட்டியதால் இது முழுப் பச்சைச் சல்சா இல்லை என்று யாராவது சொன்னால், சரிதான். இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 24

மணத்தக்காளிப் பழத்தில் செய்யலாமா என்று கேள்வி. நன்றாகக் கறுத்த பழத்தைச் சும்மா தின்கிறோம், சல்சாவில் மேலாகத் தூவலாம். அதை மட்டுமே வைத்துச் செய்தால் விதைதான் வாயில் நிற்கும்.

ஜனவரி 12

இலந்தை. நாட்டு இலந்தை மாவாக இருக்கும், சாறு கிடையாது. அதனால் நாவலுக்குச் சொன்ன முறை இதற்கு நடக்காது. உரலில் லேசாக இடித்துக் கொட்டையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு (புழு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு), ஒரு நாட்டுத் தக்காளியைச் சாறோடு அரிந்து சேர்க்க வேண்டும். வற்றல் மிளகாயைக் கல்லில் வாட்டி உப்போடு நுணுக்கிப் போட்டால் பச்சை மிளகாயைவிட இதற்குச் சேர்கிறது. ஒட்டுக் கட்டிய பெரிய இலந்தை என்றால் சதை நறுக்கென்று இருக்கும், வெள்ளரி மாதிரியே பொடியாக அரிந்துகொள்ளலாம், எலுமிச்சை தாராளமாகப் பிழியலாம்.

பொங்கலுக்குப் பனங்கிழங்கு வந்துவிட்டது. அவித்து நார் உரித்து ஒடித்த கிழங்கை இந்த இலந்தைச் சல்சாவில் தோய்த்துத் தின்று பாருங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் பாட்டிலில் அடைத்து அனுப்பலாமா என்று கேட்ட சித்திக்கு: வேண்டாம். காய்ச்சாத பண்டம், நீர்விடும், ஐஸ்பெட்டியில் வைத்தாலே மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். அதே இலந்தையை வற்றல் மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயத்தோடு கொட்டையும் சேர்த்து இடித்து, வடையாகத் தட்டி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காயவைத்து அனுப்புங்கள். அது பயணத்தைத் தாங்கும்.